கிரியேட்டினின் நார்மல், அப்புறம்?

சுகர் உள்ளவர்களில் பலருக்குக் கிட்னி என்றால் கிரியேட்டினின்தான். ரிப்போர்ட்டில் 1.2 என்று இருக்கும். ஆண், பெண் பாராமல் ஒரே வரம்பை அச்சிடும் லேப் என்றால் அது நார்மலுக்குள் அடங்கிவிடும். ஃபைலை மூடி வைத்துவிடுவார்கள். அந்த 1.2 யாருடைய 1.2 என்பதுதான் கேள்வி. 25 வயது ஆணுக்கு என்றால், 2021இல் வெளியான கணக்கீட்டின்படி வடிகட்டும் திறன், அதாவது இஜிஎஃப்ஆர், சுமார் 86. அதே 1.2 ஒரு 65 வயதுப் பெண்மணிக்கு வந்தால் 50தான். இந்த எண் மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழே நின்றாலே நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பொருள்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வயதாகித் தசை வற்றியவருக்கு அது குறைவாகவே ஊறும். வடிகட்டும் திறனில் பாதி போன பிறகும் ரத்தத்தில் கண்ணில் படும்படி ஏறாமல் இருக்கலாம். போதாக்குறைக்கு, சர்க்கரை நோயின் தொடக்கத்தில் பலருடைய சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டும். வேலைப்பளு கூடிப்போன அந்தக் காலத்தில் ரத்த ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்கும்.

சேதம் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவது சிறுநீரில். ரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் துளித்துளியாகக் கசியத் தொடங்கும். அமிலம் விட்டுக் கலங்குகிறதா என்று பார்ப்பது பழைய முறை. டாக்டர் எம்.கே. மணி தொடங்கிய சென்னையின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், கிராமங்களில் வீடு வீடாகப் போய் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைக் கொண்டே புரதம் பார்த்தது. காசு அதிகம் செலவாகாத, மெச்சத்தக்க வேலை அது. ஆனால் அமிலமும் சரி, சாதாரண ஸ்ட்ரிப்பும் சரி, பெரிய கசிவைத்தான் காட்டும். மிகச் சிறிய அளவையும் அளக்கும் வழியை லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஹாரி கீன் குழு 1963இல் வெளியிட்டது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் கார்ல் எரிக் மோகென்சன் டைப் 2 நோயாளிகளைச் சுமார் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1984இல் எழுதிய கட்டுரை, இந்தச் சிறு கசிவுக்கு இருந்த கனத்தை உலகுக்குக் காட்டியது. கசிவு இருந்தவர்களுக்குப் பின்னாளில் புரதம் அதிகமாகப் போனது. அதோடு அவர்கள் சீக்கிரம் இறக்கவும் செய்தார்கள், பெரும்பாலும் இதய நோயால்.

இன்று 24 மணி நேரச் சிறுநீரைப் பாட்டிலில் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. ஒரு முறை கொடுக்கும் சிறுநீரிலேயே அல்புமினையும் கிரியேட்டினினையும் அளந்து விகிதம் போடுகிறார்கள். ஏசிஆர் என்பது இதுதான். 30க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் போனால் நோய் வேரூன்றிவிட்டது.

அல்புமினும் எல்லோரையும் காட்டிக்கொடுப்பதில்லை. பிரிட்டனின் புகழ்பெற்ற யுகேபிடிஎஸ் ஆய்வில், சிறுநீரகத் திறன் குறைந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதற்கு முன் அல்புமின் கசிவே இல்லை. புதிய குறியீடுகளைத் தேடி விஞ்ஞானிகள் அலைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிறுநீரக நுண்குழாய்கள் அடிபட்டால் சிறுநீரில் வரும் கிம்-1 ஒன்று. ரத்தத்தில் ஏறும் டிஎன்எஃப் ஏற்பிகள் இன்னொன்று. பாஸ்டனின் ஜாஸ்லின் மையம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஏற்பிகளில் ஒன்றான டிஎன்எஃப்ஆர்-1 மிக அதிகமாக இருந்த கால்பங்கு டைப் 2 நோயாளிகளில் 12 ஆண்டுகளில் 54 சதவீதத்தினர் சிறுநீரகச் செயலிழப்பை அடைந்தார்கள். மற்றவர்களில் 3 சதவீதம்தான். மிரள வைக்கும் இடைவெளி. கிம்-1, இரண்டு டிஎன்எஃப் ஏற்பிகள், நோயாளியின் மற்ற விவரங்கள் எல்லாம் சேர்த்து ஆபத்தைக் கணிக்கும் ஒரு சோதனைக்கு 2023இல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதியும் கிடைத்தது.

எனக்கு இவற்றைவிடப் பாடம் நிறைந்ததாகத் தெரிவது 2020இல் முடிவு வெளியான ஐரோப்பாவின் பிரையாரிட்டி ஆய்வு. அல்புமின் கசிவே இல்லாத 1,775 டைப் 2 நோயாளிகளின் சிறுநீரில் 273 புரதத் துணுக்குகளைச் சேர்த்துப் படித்தார்கள். 216 பேர் ஆபத்து வகை என்று வந்தது. அவர்களில் 28 சதவீதத்தினருக்குப் பின்னர் கசிவு வந்தது. மற்றவர்களில் 9 சதவீதம். கணிப்பு பலித்தது. ஆனால் ஆபத்து வகையினரில் ஒரு பகுதியினருக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தும், மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நம்பத்தக்க வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. முன்கூட்டியே தெரிந்தது, தடுக்கத்தான் முடியவில்லை. புதுச் சோதனை என்று விளம்பரம் வரும்போதெல்லாம், தெரிந்த பிறகு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டுக்கொள்வேன்.

அந்தக் கேள்விக்கு ஏசிஆரிடம் பதில் இருக்கிறது. 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிறு கசிவு இருந்தவர்கள் இர்பெசார்டான் 300 மில்லிகிராம் எடுத்தபோது இரண்டு ஆண்டுகளில் 5.2 சதவீதத்தினருக்கே அது பெரிதானது, எடுக்காதவர்களில் 14.9 சதவீதம். பிறகு டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் வந்தன. 2020இல் காப்புரிமை முடிந்ததும் இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் விலையும் இறங்கியது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் சொன்னது. இத்தனை பேருக்கும் 273 துணுக்குகளைப் படிக்கும் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டைப் 2 எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கண்டுபிடிக்கும்போதே சில வருஷங்கள் ஓடியிருக்கும். அதனால் முதல் நாளிலேயே ஏசிஆரும் இஜிஎஃப்ஆரும் பார்த்துவிட வேண்டும், பிறகு வருஷம் தவறாமல். லேப்பில் "யூரின் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் ஸ்ட்ரிப் பார்த்து அனுப்பிவிடலாம். ஏசிஆர் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, முந்தின நாள் கடும் உடற்பயிற்சி இவற்றாலும் எண் ஏறும். ஆகவே ஒரு முறை 45 என்று வந்ததற்காகக் கலங்கிவிட வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூன்று முறை பார்த்து, அதில் இரண்டு முறை 30ஐத் தாண்டினால்தான் கணக்கு.