மதியம் ஒரு குட்டித் தூக்கம்

படுக்கை எட்டு மணி நேரம், தூக்கம் ஐந்தரை

சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் வெளியானது. மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்ததில், அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான் என்று தெரிந்தது. ஒரு பிரிவினருக்கு மின்விசிறி, மெத்தை, காதடைப்பான் போன்றவற்றைத் தந்து ஊக்கப்படுத்தியதில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் அவர்கள் பார்த்த கணினிப் பதிவு வேலையிலோ சிந்தனைத் திறனிலோ சொல்லும்படியான முன்னேற்றம் எதுவும் இல்லை. நிபுணர்களே எதிர்பாராத முடிவு இது. வேலையிடத்தில் மதியம் அரை மணி நேரம் படுக்க இடம் பெற்றவர்களுக்கோ வேலைத்திறன், கவனம், மனநிலை மூன்றுமே மேம்பட்டன. வீட்டில் கூடிய 27 நிமிடமும் புழுக்கம், கொசு, இரைச்சலுக்கு நடுவே அறுந்து அறுந்து வந்த தூக்கம். வேலையிடத்தில் கிடைத்ததோ அமைதியில் வந்தது. வேறுபாட்டுக்கு இதுவே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

சோற்றின் மேல் மட்டும் பழி வேண்டாம்

உண்ட மயக்கம் உண்மைதான். ஆனால் சாப்பிடாவிட்டாலும் மதியம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே விழிப்பு மந்தமாகும். உடற்கடிகாரத்தின் இயல்பு அது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டுகிறது. காபி அதன் செயலைச் சற்று நேரம் மறைத்து வைக்கும். அடினோசினைக் குறைப்பது தூக்கம் மட்டுமே. பசிபிக் கடலைக் கடக்கும் விமானங்களில் நாசா ஆய்வாளர்கள் விமானிகளுக்கு முறைவைத்து 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் வெளியான அந்த அறிக்கையின்படி, ஓய்வு கிடைத்தவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். தரையிறங்குவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில், தூங்காதவர்களுக்கே சில நொடிகள் கண் சொருகுவது அதிகமாக இருந்தது. நூற்றுக்கணக்கான உயிர்கள் கையில் இருக்கும் வேலையிலேயே இது பொறுப்புள்ள செயல் என்றால், அலுவலகத்தில் மட்டும் அதைச் சோம்பல் என்பது எப்படி?

நேரம் வீண்தானே?

முதலாளியின் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சென்னை ஆய்விலேயே, இடைவேளை எடுக்காமல் வேலை செய்தவர்கள் தூங்கியவர்களைவிட மொத்தத்தில் அதிகம் சம்பாதித்தார்கள். ஆனால் இடைவேளையில் சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் தூங்கியவர்களே முன்னால் நின்றார்கள். ஆகவே வேலை நேரத்தை வெட்டித் தூங்கச் சொல்வது என் வாதமல்ல. எப்படியும் கொடுக்கும் சாப்பாட்டு இடைவேளையில் தூங்க ஓர் இடம் கொடுங்கள் என்பதே. அதற்குப் பெரிய செலவும் ஆகாது. எழுந்தபின் தலை கனக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் அரை மணியைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்துக்குள் போனவர்கள்; இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்தால் போதும். மூன்று மணிக்குப் பிறகு தூங்கினால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகலாம். ஏற்கெனவே இரவில் தூக்கம் வராதவர்கள் பகல் தூக்கத்தைத் தவிர்ப்பதே நல்லது.

பெரியவர்களுக்கு இரவில் வேண்டிய ஏழு மணி நேரத்துக்குக் குட்டித் தூக்கம் ஈடாகாது. சென்னை ஆய்வில் கலந்துகொண்டவர்களின் தூக்கம், தூக்க மூச்சுத்தடை நோயாளிகளின் தூக்கத்துக்கு ஒப்பாகத் துண்டுபட்டிருந்தது. அந்த நோயின் அறிகுறிகளான பலத்த இரவுக் குறட்டையும் பகலில் அடக்க முடியாத தூக்கமும் இருந்தால், மதியம் தூங்கிச் சமாளிக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.