கழித்தல் என்றால் என்ன?

பள்ளிவிட்டு வந்த பிள்ளை கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருகிறது. "அண்ணனிடம் 12 கொட்டை, தங்கையிடம் 5 கொட்டை. தங்கையைவிட அண்ணனிடம் எத்தனை அதிகம்?" என்பது கேள்வி. பிள்ளை சிறிதும் தயங்காமல் 17 என்று எழுதிவிடுகிறது. தாய்க்குக் கோபம் வருகிறது. ஆனால் குற்றம் பிள்ளையுடையதா என்பதை இன்று நாம் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கழித்தல் என்றால் எடுத்துவிடுதல் என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்தக் கணக்கிலோ யாரும் எதையும் எடுக்கவில்லை. அண்ணன் கொட்டை அண்ணனிடமே இருக்கிறது; தங்கை கொட்டை தங்கையிடமே இருக்கிறது. 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் பிள்ளை கூட்டிவிட்டது. நாம் சொல்லிக்கொடுத்தது பாதிதான். பிள்ளை தவறியது மறுபாதியில்.

கழித்தலுக்கு மூன்று முகங்கள் உண்டு. முதலாவது, எடுத்தல். 12 கித்தாக் கொட்டையில் ஐந்தை அப்பால் தள்ளினால் மீதி 7.

இரண்டாவது, ஒப்பிடுதல். கித்தா மரங்கள் நிரை நிரையாக நிற்பதை நாம் அறிவோம். அதுபோல அண்ணன் கொட்டைகளை ஒரு நிரையாகவும், தங்கை கொட்டைகளை அதற்கு நேராக மற்றொரு நிரையாகவும் வையுங்கள். துணையில்லாமல் நிற்பவை எத்தனை என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். ஏழு என்று அதுவே சொல்லும்.

மூன்றாவது, நிரப்புதல். பள்ளிச் சுற்றுலாவுக்கு 12 ரிங்கிட் வேண்டும். உண்டியலில் 5 ரிங்கிட் இருக்கிறது. இன்னும் எவ்வளவு சேர்க்க வேண்டும்? இதற்கும் விடை 7தான். பீடோங்கிலும் கூலிமிலும் மளிகைக் கடைக்காரர் பாக்கி கொடுப்பதைக் கவனியுங்கள். 6 ரிங்கிட் 40 சென்னுக்குச் சாமான் வாங்கி 10 ரிங்கிட் நீட்டினால், 60 சென் வைத்து "ஏழு" என்பார். பிறகு மூன்று ரிங்கிட் வைத்து "எட்டு, ஒன்பது, பத்து" என்பார். கூட்டிக்கொண்டே போய்க் கழித்துவிடுகிறார்!

மேல்நாட்டிலும் கழித்தல் குறியின் கதை இப்படித்தான். 1489ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோஹன்னஸ் விட்மன் என்பவர் வெளியிட்ட வணிகக் கணக்கு நூலில்தான் அக்குறி முதன்முதலாக அச்சேறியது. சரக்கு குறித்த அளவுக்குக் குறைவாக இருப்பதைக் காட்டவே அவர் அதைப் பயன்படுத்தினார்.

இனி, பிள்ளைகளை மிகவும் மிரட்டும் 'கடன் வாங்குதல்' பற்றிக் காண்போம். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்ட பிள்ளை, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்று எழுதிவிடும். கடன் வாங்கு என்கிறோம். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! இங்கே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆகவே, 'கடன்' என்பதை விட்டு 'சில்லறை மாற்றுதல்' என்று சொல்லுங்கள்.

ஐந்து பத்து ரிங்கிட் நோட்டும் இரண்டு ஒரு ரிங்கிட் நோட்டும் போலக் காகிதம் வெட்டிக் கொடுங்கள். 27 ரிங்கிட் தரச் சொல்லுங்கள். ஒற்றை நோட்டு போதாது. ஒரு பத்தை மாற்றினால் நான்கு பத்தும் பன்னிரண்டு ஒன்றும் ஆகும். பணம் அதே 52தான். உருவம் மட்டுமே மாறியது. இப்போது ஏழு ஒன்றையும் இரண்டு பத்தையும் கொடுத்தால் மீதி 25. சரிபார்க்க 25ஐயும் 27ஐயும் கூட்டுங்கள்; 52 வரும். 35ஐயும் 27ஐயும் கூட்டினால் 62 ஆகிவிடும். தவறை நாம் சொல்லவேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும்.

இதெல்லாம் பள்ளித் தேர்வுக்காக மட்டுமா? சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 1,700 ரிங்கிட் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 ரிங்கிட் போனால் மீதி 1,513. சொக்சோ, முன்பணம் முதலிய பிடித்தங்கள் இருந்தால் அவற்றையும் வரிசையாகக் கழித்து, கைக்கு வந்த தொகையோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால், கிராணியாரிடம் மரியாதையாக விளக்கம் கேட்கலாம். கேட்பதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த 187 ரிங்கிட்டும் தொலைந்த பணமன்று; முதுமைக்கு நம் பெயரில் சேரும் பணம். எங்கே போனது என்று தெரிந்தால்தான் கழித்தல் முழுமையாகும்.

தோட்டத்து லயத்தில் இருந்தாலும் சரி, சுங்கைப் பட்டாணியின் தாமான் வீட்டில் குடியேறியிருந்தாலும் சரி, நாளை சம்பளச் சீட்டைப் பிள்ளையின் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பிடித்தத்தையும் அதன் கையாலேயே கழிக்கச் சொல்லுங்கள். படிக்க வாய்ப்பில்லாத தாயும் பன்னிரண்டு கொட்டைகளைக் கொண்டு பாடம் நடத்தலாம். பிள்ளை தவறினால் உடனே அதட்டாமல், "எப்படிச் செய்தாய், சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள். பதிலில் தவறின் வேர் தெரியும்.