விந்தணுவில் ஒட்டும் மணிகள்

ஆடிப்பூரத் திருவிழாவில் திருநெல்வேலி காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். பிள்ளை வரம் கேட்டு நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். லேப் வாசலிலும் அதே கதை. மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் முடிந்த பிறகே பல கணவன்மார் விந்துப் பரிசோதனைக்கு வருகிறார்கள்.

அந்த ரிப்போர்ட்டில் சிலருக்கு விந்தணு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் அணுக்கள் ஒன்றோடொன்று கொத்தாக ஒட்டிக் கிடக்கும். அங்கேதான், உடலே தன் விந்தணுவுக்கு எதிராக உண்டாக்கும் ஆன்டிபாடி பற்றிய சந்தேகம் எழுகிறது.

சொந்த விந்தணுவை உடல் ஏன் எதிர்க்க வேண்டும்? விந்தணு பருவ வயதில்தான் உருவாகிறது. எது தன்னுடையது, எது அந்நியம் என்பதை நோய் எதிர்ப்பு மண்டலம் அதற்கு வெகுகாலம் முன்பே பழகிவிடுகிறது. அதனால் விரைக்குள் செர்டோலி செல்கள் நெருக்கமாக இணைந்து, விந்தணுவை ரத்தத்தின் கண்ணில் படாமல் மறைத்து வைக்கின்றன. அடிபட்டாலோ, ஆபரேஷன் நடந்தாலோ அந்தத் தடுப்பு உடையலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்த ஆன்டிபாடி உண்டாகிறது. பிறகு மனம் மாறி, வெட்டிய விந்துக்குழாயை மீண்டும் இணைத்தாலும் குழந்தை தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். மலட்டுத்தன்மையுள்ள ஆண்களிடம் இந்த ஆன்டிபாடியை 1954-ல் நெதர்லாந்தில் ரும்கேயும் அமெரிக்காவில் வில்சனும் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

ஆன்டிபாடியைக் கண்டறியும் பரிசோதனையின் பெயர் எம்.ஏ.ஆர். டெஸ்ட். மனித ஆன்டிபாடி பூசிய நுண்ணிய லேட்டக்ஸ் மணிகளையும், ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் சீரத்தையும் ஒரு சொட்டு புதிய விந்தோடு கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஆன்டிபாடி இல்லாத அணு மணிகளுக்கு நடுவே தடையின்றி நீந்திப் போகும். இருந்தால் மணிகளைச் சுமந்துகொண்டு தத்தளிக்கும். மணிகள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டால்தான் கலவை வேலை செய்கிறது என்று அர்த்தம். எனக்கு இதில் பிடித்த நுட்பம் அதுதான். நீந்தும் அணுக்களில் 50 சதவீதத்துக்கு மேல் மணி ஒட்டியிருந்தால் கவனிக்க வேண்டியது என்பது பரவலான எல்லை. வால் நுனியில் மட்டும் ஒட்டியிருப்பதைப் பொருட்படுத்துவதில்லை.

எல்லோருக்கும் இந்த டெஸ்ட் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடும் இதை அடிப்படைப் பரிசோதனையில் சேர்க்கவில்லை. ஆன்டிபாடி இருந்தாலும் இயல்பாகக் கருத்தரிப்பவர்கள் உண்டு. அளவு மிக அதிகமானால், ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை இருக்கிறது.

ஒரு நடைமுறை விஷயம்: நீந்தும் அணு இல்லாமல் இந்த டெஸ்ட் இல்லை, சாம்பிளை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். அம்பாசமுத்திரத்தில் வீட்டில் எடுத்து பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவராதீர்கள்; லேப்பிலேயே கொடுங்கள்.