பழைய கட்டடமும் கைமுதலே!

பாரிமுனைக்குச் சரக்கெடுக்கப் போகாத வியாபாரி நம்மில் அநேகமாக யாரும் இருக்க முடியாது. பில், லாரி வாடகை, கூலி என்று அலைகிற அவசரத்தில் எதிரே நிற்கும் கட்டடத்தை அண்ணாந்து பார்க்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை. அடுத்த முறை போகும்போது ஒரு நிமிடம் நின்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1788-ல் தாமஸ் பாரி தொடங்கிய வியாபாரம் அந்த முனைக்கே பெயராகிவிட்டது. அங்கே நிற்கும் டேர் ஹவுஸ் 1940-ல் எழுந்தது. அர்மேனியன் தெருவில் உள்ள ஓரியண்டல் இன்சூரன்ஸ் கட்டடம் அதற்கும் மூத்தது, எல்.எம். சித்தாலே வடிவமைத்து 1936-ல் எழுந்தது. கான்கிரீட் நம் ஊருக்குப் பழக்கமாகி வந்த காலம் அது. வளைந்த முனைகள், ஜன்னல்மேல் நீண்டோடும் சன்ஷேடுகள், படிப்படியாக உயரும் முகப்பு என்று புதுமோஸ்தர் பிறந்தது. இதை ஆர்ட் டெகோ என்பார்கள். மும்பையில் இதே பாணிக் கட்டடங்களுக்கு 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற மதிப்பு கிடைத்தது.

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைத் தொடங்கியவர் நம்மைப்போல் வணிகக் குலத்தில் வந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் காலமானார். 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. 1959-ல் திறக்கப்பட்ட அந்த 14 மாடிக் கட்டடத்தைத்தான் வெளியூர்க்காரர்கள் மெட்ராசுக்கு அடையாளமாகச் சொன்னார்கள்.

இழந்ததையும் நினைக்க வேண்டும். 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையானது. எத்தனையோ சிறு வியாபாரிகளின் முதலும், தலைமுறையாக வந்த வாடிக்கையும் ஒரே இரவில் போயின. வேறு இடத்தில் கடை கிடைக்கலாம். "மூர் மார்க்கெட்டில் கிடைக்கும்" என்று ஊர் சொன்ன பேச்சு கிடைக்குமா? கட்டடத்தோடு சேர்ந்து இடத்தின் பெயரும் நமக்கு முதல் என்பதை அன்று அறிந்தோம்.

பழையது எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள் என்று நாம் சொல்லவில்லை. இடம் போதவில்லை, வாடகை கட்டவில்லை என்ற உரிமையாளரின் சங்கடம் நமக்குத் தெரியாததல்ல. உயிருக்கு ஆபத்தான கட்டடத்தில் ஒரு நாளும் கடை நடத்தக் கூடாது. ஆனால் இடிப்பதென்று முடிவு செய்யுமுன் ஒரு நல்ல பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

பெரும்பாலும் கோளாறு தண்ணீரில்தான் தொடங்குகிறது. மொட்டை மாடி ஒழுக்கு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும்; கான்கிரீட் பிளந்து விழும். மேலே சிமெண்டு பூசி மறைத்தால் நோய் உள்ளேயே வளரும். ஒழுக்கை முதலில் நிறுத்தி, துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்பு பூசி, பிறகே அடைக்க வேண்டும். சுவரில் முளைக்கும் அரசங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே அகற்ற வேண்டும்.

நாம் வாடகைதாரராக இருந்தாலும் செய்யக் கூடியவை உண்டு. முகப்பு முழுவதையும் மூடும் போர்டுக்குப் பதில் வாசலுக்கு மேல் அளவான போர்டு வைக்கலாம். ஏ.சி. பெட்டியைப் பின்புறம் மாட்டலாம். நல்ல மொசைக் தரை இருந்தால் அதன்மேல் டைல்ஸ் ஒட்டாமல் பாலிஷ் போட்டுப் பார்க்கலாம், செலவும் குறையக்கூடும். மின்கம்பிகளை மட்டும் தாமதிக்காமல் மாற்றிவிட வேண்டும். மூர் மார்க்கெட்டின் கதியை நாம் மறக்கலாகாது.

தமிழ்நாட்டில் மரபு ஆணையத்துக்கென 2012-லேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடையைத் தினமும் திறந்து மூடுகிற நம் கண்ணில் படாத விரிசல் வேறு யார் கண்ணில் படப்போகிறது?

ஐம்பது வருடக் கடை என்று போர்டில் எழுதிப் பெருமைப்படுகிறோம். அந்த ஐம்பது வருடத்தையும் தாங்கி நின்ற சுவரையும் சற்றே கவனிப்போமாக.