வலையைச் சுருட்டி வைத்த சங்கம்

கூட்டுறவு என்றால் ஒன்றுகூடிச் சம்பாதிப்பது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். ஒன்றுகூடிப் பொறுத்திருப்பதும் கூட்டுறவே என்பதை வட அமெரிக்கப் பழங்குடியினரான ஒஜிப்வே மக்களின் சரித்திரம் உணர்த்துகிறது.

கிழக்குக் கடற்கரையில் வாழ்ந்த தம் முன்னோர், நீரில் உணவு விளையும் இடத்தை நாடி மேற்கே வந்தனர் என்பது அவர்களது மரபுரை. பேரேரிகளின் பக்கத்தில் அவர்கள் கண்ட அவ்வுணவு காட்டரிசி. அறுவடைக்கு ஓடத்தில் இருவர் செல்வர். ஒருவர் கழியூன்றி ஓடத்தைச் செலுத்துவார். மற்றவர் கதிரை வளைத்துக் கோலால் தட்டுவார். ஓடத்தில் விழுவது உணவு. நீரில் விழுவது மறு ஆண்டுக்கு விதை.

1837, 1854, 1855 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் அவர்களது நிலத்தில் பெரும்பகுதி அமெரிக்க சர்க்காரின் வசமாயிற்று. எஞ்சிய பொது நிலத்தையும் தனித்தனிப் பங்குகளாகப் பிரிக்குமாறு 1889-ஆம் ஆண்டில் மின்னசோட்டா ராஜ்யத்திற்கென ஒரு சட்டம் பிறந்தது. 'வெள்ளை மண்' என்னும் ஒதுக்கிடத்தில் நிலம் அவ்வாறே பங்கிடப்பட்டது. பங்குகளை விற்பதற்கு 1906-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. சில ஆண்டுகளுக்குள் நிலத்தில் பெரும்பகுதி மரக் கம்பெனிகளிடமும் நில வியாபாரிகளிடமும் போய்ச் சேர்ந்தது.

'செவ்வேரி' ஒஜிப்வேக்களோ பங்கீட்டுக்கு இணங்கவில்லை. சுமார் 29 லட்சம் ஏக்கரா நிலத்தைக் கைவிட நேர்ந்தபோதிலும், எஞ்சியதைப் பொதுச் சொத்தாகவே காத்துக்கொண்டனர். இன்றும் அந்நிலம் பொதுவிலேயே இருக்கிறது.

அவ்வேரியின் மீனை விற்பதற்காக 1929-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். 'வால்-ஐ' என்னும் உயர்ந்த ரக மீனே அவர்களுக்கு முக்கிய வருவாய். பல்லாண்டுகள் தொழில் நடந்தது. ஆயினும், பொதுச் சொத்து என்பதனாலேயே மீன் குறையாதிருக்குமா? ஏரி பெருகுவதற்கு மேல் பிடித்தபடியால், 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் வலைகள் வெறுமையாய்த் திரும்பலாயின.

அப்பொழுது சங்கத்து மீனவர்களே கூடி வாக்களித்து, 1997-ஆம் ஆண்டில் வலை வீசுவதில்லை எனத் தீர்மானித்தனர். வலையையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது எளிய காரியமன்று. ஏரியின் ஒரு பகுதி ராஜ்ய சர்க்காரைச் சேர்ந்ததாதலின், ஒரு சாரார் மட்டும் விரதம் காத்துப் பயனில்லை. ஆகவே 1999-இல் இரு தரப்பாரும் ஒப்பந்தம் செய்து, மீன்குஞ்சுகளை ஏரியில் விட்டனர். 2006-இல் ஏரி மீண்டும் மீன் பிடிக்கத் திறக்கப்பட்டது. ஆனால் கணக்கின்றி அன்று, ஆண்டுதோறும் அளவு வகுத்து.

அங்கத்தினர்களே! சங்கத்தின் சேமநிதியில் கை வைக்கலாமென்றும், லாபம் முழுவதையும் டிவிடெண்டாகப் பிரித்துவிடலாமென்றும் பொதுக்குழுவில் குரல் எழும்போது செவ்வேரியை நினைவிற் கொள்ளுங்கள். பங்கு பிரியாமல் நிலத்தைக் காத்தனர். ஆசையை அடக்கி ஏரியைக் காத்தனர். முதலாவதைச் சட்டத்தாலும் செய்துவிடலாம். இரண்டாவதற்கு அங்கத்தினரின் கை உயர வேண்டும்.