தீயில் நிற்கும் சாந்து

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் நெசவாளர் சங்கங்களின் கணக்கைப் பார்வையிடும்பொழுது, "சாய அடுப்புப் பழுது" என்னும் செலவினம் ஓராண்டிலேயே இரண்டு மூன்று முறை வரக் காண்கிறோம். அடுப்பு அடிக்கடி வெடித்தால் கொத்தனாரைக் குறை கூறுவது வழக்கம். பெரும்பாலும் குறை அவரிடம் இல்லை. செங்கல்லோடு செங்கல்லைச் சேர்த்த சாந்தில் இருக்கிறது. நெல் அவிக்கும் அடுப்பு வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும்.

மாமல்லபுரம் கரையோரக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு நம் பக்கத்துக் கட்டடங்களில் நெடுங்காலம் கையாளப்பெற்றது. சுவருக்கு அது உத்தமமான பொருள். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகிய சுண்ணாம்புச் சாந்து, இயல்பில் மறுபடியும் கிளிஞ்சலே ஆகிவிடுகிறது. கிளிஞ்சலைச் சூளையிலிட்டால் என்ன ஆகுமோ, அதுவே கடுந்தீயின் முன் இச்சாந்துக்கும் ஆகிறது.

சிமெண்டின் நிலையும் மேலானதன்று. அது நீருடன் சேர்ந்து இறுகும்பொழுது, அதனுள் நீற்றுச் சுண்ணாம்பும் தோன்றுகிறது. ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி வெப்பத்தில் அச்சுண்ணாம்பு தன்னுள் கட்டுண்ட நீரை இழக்கிறது. தீ அணைந்தபின் ஈரமான கடற்காற்றை உறிஞ்சிப் பருக்கிறது. எரியும்பொழுது நன்றாயிருந்த அடுப்பு, விடுமுறை நாட்களில் தானே உதிர்வதன் காரணம் இதுவே. கடைகளில் இரண்டு குழாய்களாக விற்கும் எப்பாக்ஸிப் பசையோ 300 டிகிரிக்கு மேல் கரியத் தொடங்கும். கோயில்களில் மூர்த்தியைப் பீடத்தில் பொருத்தும் அஷ்டபந்தனம் கல்லைக் கல்லோடு இறுகப் பிடிப்பதாயினும், கொம்பரக்கும் குங்கிலியமும் தேன்மெழுகும் வெண்ணெயும் சேர்ந்த மருந்தாதலால் சூட்டில் இளகிவிடும்.

அடுப்பிற்கு உகந்தது, 'பயர் கிளே' என்று கடைகளில் விற்கும் தீக்களிமண். இதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் விறகுத் தீயில் உருகுவதில்லை. எனினும் தனிக் களிமண் 1000 டிகிரி அளவில் வெந்தால்தான் கல்லாக இறுகும். அடுப்பின் வாய்ப்பக்கம் வேகும். புறப்பக்கம் வேகாமல் பொடியாகவே நிற்கும். இக்குறையை நீக்குவது சோடியம் சிலிக்கேட். பருத்தி நூலை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கும் பட்டறைகளில் துணைச் சரக்காகச் சேர்க்கும் அதே பாகு போன்ற திரவந்தான். ஆகவே பல சங்கங்களின் சரக்கறையில் இது முன்னமே இருக்கும். இது உலர்ந்தவுடன் களிமண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. பின்னர்த் தீ தன் வேலையைச் செய்துகொள்கிறது.

பொடித்த பழைய தீச்செங்கல் மூன்று பங்கு, தீக்களிமண் ஒரு பங்கு எடுத்து, சம அளவு நீர் சேர்த்த சிலிக்கேட்டால் தயிர்ப் பதத்தில் பிசையலாம். பொடிக்கும்பொழுது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்க. அத்தூசு நுரையீரலுக்குத் தீங்கு. சிலிக்கேட்டை மிகுதியாக ஊற்றினால் பிடிப்பு மிகும் என்று எண்ணுவோர் பலர். அது தவறு. தனிச் சிலிக்கேட் சூட்டில் நுரைத்துப் பொங்கும். களிமண்ணையும் எளிதில் உருகச் செய்யும். சந்து 3 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. தடித்த சாந்து உலரும்போது சுருங்கிப் பிளக்கும். ஒரு நாள் நிழலில் உலர்த்தி, மறுநாள் சிறு சுள்ளித் தீயே இடுக. முதல் நாளே பெருந்தீ மூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சாந்தைப் பெயர்த்தெறியும்.

இன்னும் கடுமையான வெப்பத்திற்கு உயர் அலுமினாச் சிமெண்டு உண்டு. சுண்ணாம்புக் கல்லையும் பாக்சைட்டையும் சேர்த்துச் செய்யும் இதற்குப் பிரான்சு தேசத்து ஜூல் பியே 1908இல் உரிமை பெற்றார். ஒரே நாளில் இறுகும். தீச்செங்கல் ஜல்லியுடன் கலந்தால் செந்தணலையும் தாங்கும். விலை அதிகம், நம் சாய அடுப்பிற்கு அவசியமும் இல்லை. மீந்ததைக் கூரை உத்தரத்திற்கு இடவேண்டாம். ஈரத்திலும் வெம்மையிலும் நாளடைவில் அது பலம் குன்றும். 1973, 1974 ஆண்டுகளில் இங்கிலாந்தில் பள்ளிக்கூடக் கூரைகள் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொன்று, செப்பு அண்டாவின் விளிம்பைச் செங்கல்லோடு ஒட்டவே கூடாது. ஒரே சூட்டில் செம்பு, தீச்செங்கல்லைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். எவ்வளவு நல்ல சாந்தாயினும் அந்த இழுப்பிற்கு ஈடுகொடாது. விளிம்பைச் சுற்றி ஒரு விரற்கடை இடம் விட்டு, அதில் உலர்ந்த மணலை நிரப்பி, மேலே களிமண் மட்டும் மெழுகி விடுக. அந்த மெழுக்கு அவ்வப்போது விரிசல் விடும். சாயமிடுபவரே ஈரக் கையால் தடவிச் சரிசெய்து கொள்ளலாம்.