மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. காசநோய் மருந்துகளுக்கும் வீரியம் மிக்க சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அவை இடம்பெற்ற ‘எச் 1’ என்ற பட்டியல் இந்தியாவில் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அந்த மருந்துகளை விற்கும்போது நோயாளி பெயர், சீட்டு எழுதிய மருத்துவர் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக்குக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு? சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. “சளிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். தேவையில்லாமல் விழுங்கும்போது, மருந்துக்குச் சாகாத கிருமிகள்தான் உடம்பில் தங்கிப் பெருகுகின்றன.